எடுப்புக்கு முந்திய மூச்சு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரும் மாணவிக்கு 46 வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாளெல்லாம் பிறரிடம் "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்கிறவர், என் பியானோ அருகில் நின்றதும் தோளைத் தூக்கிக்கொள்கிறார். பாதி மூச்சு கழுத்திலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அது கேட்கிறது.

கேட்கப் பழகியது இங்கே இல்லை. லண்டனில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தேன். வண்டி மோதி அரைமணிகூட ஆகாதவர்கள் கூப்பிடுவார்கள். ஹெட்செட்டில் பேச்சு வருவதற்கு முன் ஒரு மூச்சு வரும். அழப்போகிறாரா, சண்டைக்கு வருகிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு விடியலில், சமையலறை வானொலியில் காத்லீன் ஃபெரியர் பாடிக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பெண்குரல் அவ்வளவு கீழே இறங்கியும் அத்தனை வெளிச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பிளாக்பர்ன் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று பிறகு படித்தேன். தொலைபேசியில் மணி சொல்லும் குரலுக்கான தேர்வில் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1937-இல் கார்லைல் இசைப்போட்டியில் பியானோ வாசிக்கப் போனார். பாட்டுப் போட்டியிலும் சேரமாட்டாய் என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். இரண்டிலும் அவரே முதல். அந்த ஒரு ஷில்லிங்கை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன்!

பாட்டு கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். எனக்கு அப்போது 34 வயது. "சின்ன வயசுல பாட்டு டீச்சர் வந்தா கொல்லைப்பக்கம் ஓடுவே. இப்ப என்னடி புதுசா?" என்றாள் அம்மா, திருச்சியிலிருந்து. ஓடினேன் என்பது உண்மைதான். ஆனால் சரளி வரிசை உடம்பைவிட்டுப் போகவில்லை.

என் முதல் ஆசிரியை, ஓபரா கோரஸில் பாடி ஓய்வு பெற்றவர். தரையில் படுக்கவைத்து, வயிற்றின்மேல் கனமான அகராதி ஒன்றை வைத்தார். மூச்சு இழுத்தால் புத்தகம் மேலே போகவேண்டும். பாடும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்கவேண்டும். அப்போஜியோ என்று இத்தாலியர் சொல்லும் அந்தத் தாங்கலை அகராதிதான் எனக்குக் கற்றுத்தந்தது. பிறகு 1832-இல் வெளிவந்த, வாக்காய் என்பவரின் பாட்டுப் பயிற்சிப் புத்தகம். அதில் முதல் பாடமே ஆரோகண அவரோகணம், ஆனால் ச-ரி-க இல்லை, நேரே சொற்கள். நான் எந்த ஸ்வரத்தில் நின்றாலும் அது தானாக அசைந்தது. "ஏன் ஊஞ்சலாடுகிறாய்?" என்பார். கமகத்தை எப்படி விளக்குவது? பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதை விட்டுவிடாதே, இங்கே மட்டும் கொண்டுவராதே" என்றார்.

ஓபராவில் மைக் கிடையாது. அறுபது வாத்தியங்களைத் தாண்டி ஒரு தொண்டை கேட்பது கத்துவதால் இல்லை. வாத்தியக் குழுவின் பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸ் பக்கம். பயின்ற குரல் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தன் சக்தியைத் திரட்டிக்கொள்கிறது. அங்கே கூட்டமில்லை, நம் காதும் அங்கே கூர்மை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று, ரயிலில் வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வேலையை விட்டேன், பணமுடையும் பட்டேன். சிறிய குழுக்களில் பாடினேன். ஒரு தேவாலயக் கூடத்தில் குளுக்கின் 'ஆர்ஃபியோ' போட்டபோது கோரஸில் நின்றேன். செத்த மனைவியை மீட்கப் போகிறவனின் கதை. 1953 பிப்ரவரியில் கோவன்ட் கார்டனில் ஃபெரியர் அந்த ஆர்ஃபியோவாகப் பாடினார். இரண்டாம் நிகழ்ச்சியில், புற்றுநோய் அரித்த தொடை எலும்பு மேடையிலேயே உடைந்தது. சாய்ந்து நின்றபடி கடைசிவரை பாடிமுடித்தார். அவையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அக்டோபரில், 41 வயதில் போய்விட்டார். அந்த வலியில் அவர் எப்படி மூச்சு எடுத்திருப்பார்? கோரஸில் நின்ற ஒவ்வொரு இரவும் எனக்கு இதே நினைப்பு.

எக்ஸ்ரே அம்மாவின் தோள் இறங்க நேரமாகிறது. நான் பியானோவைத் தொடவில்லை. தொலைபேசியில் காத்திருந்த மாதிரியே காத்திருக்கிறேன். இடுப்பு இரண்டு பக்கமும் மெல்ல விரிகிறது.

"பாடலாமா?" என்கிறார்.

"இன்னொரு மூச்சு," என்கிறேன்.