மித்தியில் வீசிய பைகள்

தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆறு என்றால் மட்டும் திருநெல்வேலிக்காரனாகிவிடுவேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போய், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடக்கவிட்டுப் பெருமை பேசுவேன். தாமிரபரணியில் மொத்தம் 8 அணைக்கட்டுகள். 7 வெள்ளைக்காரன் வருமுன்பே கட்டியவை. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம்தான் அவன் காலத்தது. ஆற்றை அடைத்துவைக்காமல், லேசாக மறித்துக் காலில் திருப்பிவிடுகிற வித்தை அது. கால் குளத்தை நிரப்பும். மிச்சம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும்.

இப்படிப் பேசுகிறவன் பம்பாயில் செய்ததைக் கேளுங்கள். வாடிய மாலை, கருகிய திரி, ஊதுபத்தி அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து, பாந்திரா போகிற வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி மித்தியில் வீசுவேன். சாமிப் பூவைக் குப்பையில் போடக் கூடாதாம். பையின் முடிச்சைக்கூட அவிழ்த்ததில்லை. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறந்து மாகிம் கழிமுகத்தில் சேர்கிற ஆறு அது. எனக்கு அது வெறும் சாக்கடை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி, மித்தி வீடுகளுக்குள் புகுந்தபோது, என்னைத் தவிர எல்லாரையும் திட்டினேன்.

ஆற்றை ஒட்டியே மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. ஊர்க் குப்பை கொட்டிய இடத்தை மண்ணால் மூடி, 37 ஏக்கரில் காடு வளர்த்து 1994இல் திறந்தார்கள். அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் போய்வருவேன். உள்ளே போனதோ, மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் துணையாகத்தான். மரநிழல் பாதையில் நடந்து ஆற்றோரம் வந்தால், அலையாத்தி வேர்களெங்கும் பைகள். ஒன்றில் தமிழ் எழுத்து. எங்கள் தெருத் துணிக்கடைப் பை. பள்ளியில் தமிழ் படிக்காத மகள், எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். நானும் "சபாஷ்" என்றேன். வேறென்ன சொல்ல?

தாமிரபரணியையும் நான் விட்டுவைக்கவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து, உடுத்தியிருந்த வேட்டியைப் பாபநாசத்தில் ஆற்றோடு விட்டுவந்தவன்தான். அங்கே அப்படி விடுகிற துணியைத் தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள்.

பூக்கழிவைப் பையில்லாமல் செடிக்கு எருவாகப் போடுங்கள். பாபநாசம் போனால் ஈரத்துணியைப் பிழிந்து வீட்டுக்கே கொண்டுவாருங்கள். பாவம் அதில் ஒட்டிக்கொண்டு வராது.