சுகர் எண்ணை யாருக்கு அனுப்புவது?



பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு சர்க்கரை நோயாளி. நம் மேடைகளில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அரசியல் சட்ட வரைவு வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் சர்க்கரையும் நரம்பு வலியும் அவரை வாட்டின. 1948 ஏப்ரல் 15 அன்று அவர் மணந்துகொண்ட சாரதா கபீர், அதாவது சவிதா அம்பேத்கர், ஒரு டாக்டர். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில், உடம்பு படுத்திய நாட்களிலும் அந்த வேலையை முடிக்க முடிந்ததற்காக மனைவிக்கும் டாக்டர் மால்வங்கருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். 1957இல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. அதன் அரசியல் தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவருடைய சர்க்கரையைக் கவனிக்கப் பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருந்தார். எண் ஏறினால் மருந்தை மாற்றவும் இறங்கினால் சாப்பிட வைக்கவும் அவரால் முடிந்தது. பொழிச்சலூரில் எங்கள் தெருக்களில் சுகர் இருக்கும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இடத்துக்குத்தான் இன்று போனும் சென்சாரும் வருகின்றன.

தொலைவிலிருந்து கண்காணிப்பது என்றால் என்ன? கையின் மேல்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டுவார்கள். அதிலிருக்கும் மெல்லிய இழை தோலுக்கு அடியில் உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கும். அது ரத்தத்தை அளப்பதில்லை. அதனால் உண்மையான அளவுக்குச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்த எண் போனுக்கும், போன் வழியாக டாக்டருக்கும் போகும். ஒரு வில்லை 14 நாள் உழைக்கும், விலை சுமார் ஐயாயிரம் ரூபாய். மாதத்துக்கு இரண்டு வேண்டும். ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகும் ஒருவர் தன் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கையில் ஒட்டிக்கொண்டு திரிய முடியாது. ஆகவே நம் மக்களுக்கு இன்றைக்குக் கண்காணிப்பு என்பது குளுக்கோமீட்டரும், ஸ்ட்ரிப்பும், எண்ணைப் படம் பிடித்து அனுப்பும் ஒரு வாட்சப் குழுவும்தான்.

தொழில்நுட்பம் ஏழைகளுக்கு ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அதற்கு எதிரான சான்று இருக்கிறது. 2006 வாக்கில் சூணாம்பேடு பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 42 கிராமங்களில் ஒரு வேலை செய்தார்கள். விழித்திரையைப் படம் எடுக்கும் கருவி உள்ள வேன் ஊர் ஊராகப் போனது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அந்தப் படங்களைச் சென்னையில் இருந்த நிபுணர்கள் பார்த்தார்கள். 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். ஆனால் அங்கே வேன் மட்டும் வரவில்லை. உள்ளூர் ஆட்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள், ஊரிலேயே ஒரு மருத்துவ மையமும் வைத்தார்கள். படம் மேலே போனால் பதில் திரும்பி வர ஒரு வழி இருந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பலமும் அதுவே. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படியேறி ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது இன்னும் ஊக்கத்தொகைதான். விருது வாங்கிய திட்டத்தைச் சுமப்பவர்களுக்கு முறையான சம்பளம் கேட்பதும் நம் வேலை. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய நிலை தெரியுமா? 2020இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வு, சர்க்கரை நோய் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருப்பது 10.8 சதவீதம் பேருக்குத்தான் என்றது. பத்தில் ஒன்பது பேர் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? ஆனால் 'சுயமேலாண்மை' என்ற சொல் நடைமுறையில் அப்படித்தான் இறங்குகிறது. எண் ஏறினால் நீ வாயைக் கட்டவில்லை, நீ நடக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு மணி நேரம் கூட்டிப் பெருக்குகிறவரிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லும் அறிவுரைச் சீட்டை நாங்களே பார்த்திருக்கிறோம்.

எங்கள் குழு சிறியது. பதினோரு பேர், இரண்டு குளுக்கோமீட்டர், எண்ணைக் குறித்து வைக்க நாங்கள் நாலு பேர். பம்மல், நாகல்கேணி பக்கம் தோல் தொழிற்சாலையில் கால் நூற்றாண்டு உழைத்த அண்ணன்கள் இருவர் இருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் துப்புரவு, வீட்டுவேலை செய்யும் பெண்கள். முதல் மாதத்திலேயே சிக்கல் வந்தது. போன் மகனுடையது, பகலில் அவனோடு போய்விடும். எண்ணெல்லாம் இரவு பத்து மணிக்கு மொத்தமாக வந்து சேரும். காலையில் இறங்கிய சர்க்கரையை இரவில் பார்த்து என்ன செய்வது?

அடுத்தது சாப்பாடு. ஒரு நண்பர் சொன்னாரென்று உணவைக் குறிக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அதில் ஓட்ஸ் இருந்தது, பனீர் நாலு வகை இருந்தது. ரேஷன் அரிசிச் சோறு இல்லை, கருவாடு இல்லை. ஒரு அக்கா கேட்டார்: "இன்னா பாப்பா, மாட்டுக்கறின்னு போட்டா இது எடுத்துக்கவே மாட்டேங்குது?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்து விட்டுவிடும் விஷயமா இது? கறியில் இருப்பது புரதம், சோறு ஏற்றுவதுபோல் அது சர்க்கரையை ஏற்றாது. அதற்குப் பெயரே இல்லாத பட்டியலில் அந்த அக்கா எதைக் குறிப்பார்? பொய்யாக 'கோழி' என்று போடுவார், இல்லையென்றால் ஒன்றும் போடமாட்டார். பிறகு கருவி அவரை 'ஒத்துழைக்காத நோயாளி' என்று கணக்கெடுக்கும். டாக்டரிடம் மாட்டுக்கறி என்று சொல்லக் கூச்சப்பட்டு மூடி மறைக்கும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு ஏற்கெனவே உண்டு. அந்தக் கூச்சத்தை ஊட்டியது யார் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. நாங்கள் அந்த ஆப்பை எடுத்துவிட்டோம். அவரவர் சாப்பிட்டதை அவரவர் பேச்சிலேயே குரல் பதிவாக அனுப்பச் சொன்னோம். இப்போது எங்களுக்கு உண்மை வருகிறது.

இந்த வேலை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு காலை நேரத்தைச் சொல்கிறோம். ஒரு பெரிய வளாகத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா. கிளிமிப்பிரைடு மாத்திரையை விடிகாலையில் போட்டு, வெறும் டீயோடு வேலைக்குப் போவார், சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிப்பிரைடு அப்படியில்லை, வயிறு காலியாக இருந்தால் இறக்கிவிடும். அன்று கை நடுங்குகிறதென்று கழிப்பறையில் ஒளிந்து நின்று குத்திப் பார்த்திருக்கிறார்: 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. அன்று போன் அவரிடம் இருந்தது, படம் வந்தது. எங்களில் ஒருவர் பார்த்த உடனே அழைத்து, கூட வேலை செய்யும் பெண்ணிடம் பேசி, மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 82. அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பேசினோம். டாக்டரும் பொறுமையாகக் கேட்டு, மாத்திரையைச் சாப்பாட்டோடு போடும்படி மாற்றிக் கொடுத்தார்.

இந்தக் கதையின் மறுபாதி வேலையிடத்தில் நடந்தது. வேலை நேரத்தில் போன் பயன்படுத்தியதற்காக அந்த அக்காவுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். சுகர் இருப்பது தெரிந்ததும் மேற்பார்வையாளர், "உடம்பு முடியலைன்னா நின்னுக்க" என்றாராம். அன்றிலிருந்து மூன்று பேர் எங்கள் குழுவுக்கு எண் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். தன் சர்க்கரை எண் ஒப்பந்தக்காரரின் காதுக்குப் போனால் வேலை போகும் என்ற பயம் அவர்களுக்கு. எங்களால் அதை மறுக்க முடியவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது, உண்மைதான். ஒப்பந்தக்காரரின் வாய்க்கு அது எப்படிப் பூட்டுப் போடும்? இப்போது குழுவில் பெயர் கிடையாது. ஆளுக்கு ஒரு பூவின் பெயர் வைத்துக்கொண்டார்கள். "கனகாம்பரம் 140", "செம்பருத்தி 210" என்று வருகிறது. அவர்களே கண்டுபிடித்த ஏற்பாடு இது.

மாணவத் தோழர்கள் உங்கள் பகுதியில் இதைத் தொடங்குவதானால் சிலவற்றைக் கவனியுங்கள். ஸ்ட்ரிப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதத்தில் அது கெட்டுத் தப்பான எண் காட்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் வைக்கலாம். கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் தொழிற்சாலை அண்ணன் ஒருவருக்குப் பாதத்தில் ஆணி ஏறியிருந்தது இரண்டு நாள் தெரியவே இல்லை. எந்தச் சென்சாரும் அதைச் சொல்லாது. எண்ணைக் கேட்பதற்கு முன்பு, அது தப்பாக வந்தால் அந்த நிமிடம் யார் போன் எடுப்பார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓய்வறையும் கழிப்பிடமும் முதலுதவிப் பெட்டியும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு உண்டு என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதை எடுத்துக்காட்டி அந்த வளாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். காலை எட்டு மணிக்குச் சாப்பிட இருபது நிமிடம், ஊசி போட்டுக்கொள்ள மறைவான சுத்தமான ஓர் இடம், போனைக் கூடவே வைத்துக்கொள்ளும் அனுமதி, பிடித்த அரை நாள் சம்பளம். இப்போதைக்கு வாய்மொழியாக வந்திருக்கும் பதில்: பாக்கெட்டில் மிட்டாய் வைத்துக்கொள்ளலாம், போன் கூடாது. எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறோம்.