கயிறு கட்டிய களம்

விருத்தாசலத்தில் என் கணவருக்குப் பீங்கான் சூளையில் வேலை. வயலைப் பார்த்துக்கொள்வது மாமனார். போன மாதம் முதல்முறையாக நெல்லுக்கு ட்ரோன் வைத்து மருந்து அடித்தோம். களத்திலிருந்து எழும்பிய ட்ரோன், ஆள் உயரம் போவதற்குள் சாய்ந்து தரையில் மோதியது. தொட்டியிலிருந்த 10 லிட்டர் மருந்தும் சிதறியது. வேடிக்கை பார்த்த என் மகனை மாமனார் சட்டென்று பின்னால் இழுத்ததால் தப்பினான்.

"நல்லவேளை, அதுக்குள்ள ஆள் இல்ல" என்றார் மாமனார்.

ஆள் உட்கார்ந்து ஓட்டும் மருந்து விமானம் ஓடுபாதையில் மோதினால்? அன்றிரவு தேடிப் படித்தேன். 1950-ல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வீக், ஏஜி-1 விமானத்தில் மருந்துத் தொட்டியை முன்னால் வைத்து, விமானியின் இருக்கையைப் பின்னால் உயர்த்தினார். மோதினால் முதலில் நசுங்குவது விமானத்தின் முன்பகுதி. விமானி பிழைக்க வழியுண்டு. 1972-ல் பறந்த நம் பெங்களூரு எச்.ஏ.எல்.லின் 'பசந்த்' விமானமும் இதே பாணிதான்.

ட்ரோனுக்குள் ஆள் இல்லை, சரி. சுற்றி நிற்கும் நாம்?

அடுத்த முறை மருந்து அடிக்கும் முன், மாமனார் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். கயிற்றைத் தாண்டப் போன என்னைத் தடுத்தது, என் மகன்!