லால்பாக்கில் கேட்ட உலக்கை ஓசை

ஊரை விட்டுப் பிழைக்க வருவோர் அம்மியையும் உரலையும் சுமந்து வருவதில்லை. மும்பையில், மாதுங்காவில் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியேறியபோது, எங்கள் தாயார் கொணர்ந்தது ஒரு சிறிய இரும்பு உரல் மட்டுமே. விடியற்காலையில் ரசத்துக்கு மிளகும் சீரகமும் தட்டும் ஓசை கீழ்வீட்டாருக்குப் பொறுக்கவில்லை. முறையீடு வந்தது, உரல் பரண் ஏறியது, கடைப்பொடி அடுக்களைக்குள் நுழைந்தது. "ரசத்தில் எல்லாம் இருக்கிறது, வாசனையைத் தவிர" என்று தாயார் ஒருநாள் கூறியதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

கடந்த சித்திரையில் மிளகாய் வற்றல் வாங்க அவருடன் லால்பாக் சென்றோம். சிஞ்ச்போக்லி நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். 'மிர்ச்சி கல்லி' என வழங்கும் சந்தை நெருங்கிவிட்டதைக் கண்ணுக்கு முன்னே மூக்கு அறிவித்துவிடும். காரம் குறைந்து நிறம் மிகுந்த பியாடகி, சங்கேஷ்வரி, குண்டூர் என மிளகாய் குவிந்து கிடக்கிறது. மழைக்காலத்துக்கு முன், ஆண்டு முழுமைக்குமான மசாலையை மராத்தியக் குடும்பத்தினர் இங்கே வாங்கி, வறுத்து, இடித்துச் செல்கின்றனர்.

இரும்பு உலக்கைகள் மின்விசையால் மாறி மாறி எழுந்து விழுகின்றன. அரைக்கும் இயந்திரம் இருக்க இஃது எதற்கு என வினவினோம். தம் மிளகாய்க்குக் காவலாக அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "அரைத்தால் சூடேறும், சூடேறினால் மணம் போகும்" என்றார். உண்மையே. மணம் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. சுழலும் தகடுகளின் உராய்வு வெப்பம் அவற்றைப் போக்கிவிடுகிறது. நம் ரசத்துக்கு நசுக்கும் பூண்டிலும் ஒரு விந்தை உண்டு. முழுப் பல்லில் அந்த நெடி இல்லை. நசுக்கும்போதுதான் உயிரணுக்களுள் பிரிந்திருந்த பொருள்கள் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அதனைக் கவல்லிட்டோவும் பெய்லியும் 1944-இல் பிரித்தெடுத்தனர்.

தாயார் அவ்வோசையைக் கேட்டவாறு நெடுநேரம் நின்றார். "இத்தனை பெரிய பட்டணத்தில் இடிப்பதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்களே!" என்றார். அச்சொல் எங்களைச் சுட்டது.

அன்றே உரல் பரணிலிருந்து இறங்கியது. நான்காய் மடித்த கோணியை அடியில் இட்டோம். விடியற்காலையை விடுத்து மாலை நேரத்தைக் கைக்கொண்டோம். தாயாரின் மணிக்கட்டு தளர்ந்துவிட்டது. பேத்தி தட்ட, அவர் அருகிருந்து பக்குவம் சொல்கிறார்: "மாவாக்கிவிடாதே, கண்ணே! மிளகு இரண்டு மூன்றாக உடைந்தால் போதும்." முதல் நாள் ரசத்தில் ஒரு கிண்ணம் கீழ்வீட்டுக்கும் சென்றது. அதன்பின் முறையீடு வரவில்லை.

அன்பர்களின் இல்லங்களிலும் பரண் ஏறிய உரல் ஒன்று இருக்கக்கூடும். தட்டத் தெரிந்த கை வீட்டில் இருக்கும்போதே அதனை இறக்கிவிடுங்கள்.