கீழுதடு மரத்துப் போச்சு டாக்டர்

58 வயசு அம்மா ஒருத்தங்க ஓபிக்கு வந்தாங்க. "கீழுதட்டுல வலப்பக்கம் மரத்துப் போச்சு டாக்டர். ரசம் குடிச்சா வாயோரம் வழியுறதுகூடத் தெரியல."

சுகர் இருந்தது. அதனால் வந்த நரம்புப் பாதிப்பு என்று நினைத்து பி12 மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். சுகரால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கும்; ஒரு பக்க உதட்டில் மட்டும் வந்து உட்காராது. படித்த பாடம், ஓபி கூட்டத்தில் கோட்டை விட்டேன்.

மூணு வாரம் கழித்து மறுபடி வந்தாங்க. இடையில் அதே பக்கம் ஒரு கடைவாய்ப் பல் ஆட, வெளியே எங்கோ பிடுங்கியிருக்கிறார்கள். குழி ஆறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள்ளிருந்து சதை வளர்ந்து நிற்கிறது.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்காம்மா?"

"மார்புல கட்டி எடுத்தாங்க. அது ஆறு வருஷம் ஆச்சுங்களே, முடிஞ்சு போன விஷயம்தானேன்னு சொல்லல."

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கீழ்த்தாடை எலும்புக்குள்ளே ஒரு சின்னக் கால்வாய் இருக்கு. அதில் ஓடும் நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருது. ரத்தம் வழியாக வரும் புற்றுச் செல்கள் அந்த எலும்பில் தங்கி வளர்ந்தால் நரம்பு நசுங்கும். உதடு அசையும், வாய் கோணாது, உணர்ச்சி மட்டும் போயிடும். அதனாலதான் பக்கவாதத்துக்கு ஓடி வர்ற மாதிரி இதுக்கு யாரும் ஓடி வர்றதில்லை.

இது அரிது. வாய்ப் புற்றுகளில் நூற்றில் ஒன்று அளவுதான் வேறு உறுப்பிலிருந்து பரவி வருவது. பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும், ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் வருவதே அதிகம். புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டும் உண்டு. சிலருக்கு மூலப் புற்று இருப்பதே தாடையைப் பார்த்துத்தான் தெரிய வரும்.

ஓபிஜி எக்ஸ்ரேயில் பெருசா ஒண்ணும் இல்லை. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே காட்டும். எம்ஆர்ஐ காட்டியது. குழியிலிருந்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பும்போது சீட்டில் 'ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்று' என்று எழுதினேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பேத்தாலஜி டாக்டர் எச்சில் சுரப்பிக் கட்டியா, வேறெதுவுமா என்று சுற்ற வேண்டியிருக்கும். ரிசல்ட்: அதே பழைய மார்பகப் புற்று. ஸ்கேனில் முதுகெலும்பிலும் இருந்தது.

மரத்துப் போன உதடெல்லாம் கேன்சர் இல்லைங்க, பயப்படாதீங்க. ஞானப்பல் எடுத்தாலும் வேரில் சீழ் வைத்தாலும் மரக்கும். ஆனா காரணமே இல்லாமல் ஒரு பக்கம் மரத்தால் காட்டுங்க. பழைய கேன்சர், எலும்புக்குப் போட்ட ஊசி எல்லாத்தையும் பல் டாக்டரிடமும் சொல்லிடுங்க. அந்த ஊசியாலும் தாடை ஆறாமல் போகலாம்.

"பல்லைப் பிடுங்குனதாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாங்க. இல்லம்மா என்றேன். முழுசா குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தலாம் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கதிர்வீச்சு முடிந்தது, ஹார்மோன் மாத்திரை ஓடுது. போன வாரம் வந்தாங்க. மரப்பு முழுசா போகலையாம். டம்ளரை இடப்பக்கம் சாய்ச்சு ரசம் குடிக்கப் பழகிட்டாங்களாம்.