கைக்கும் பல்லுக்கும் நடுவே

கியர் விழவில்லை என்று ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வது தன் கையைப் பற்றி மட்டும்தான். கை ஏதோ ஒன்றை உணர்ந்திருக்கிறது. அந்த உணர்வு பொய்யல்ல. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது கைக்குத் தெரியாது. பழைய கார்களைப் பற்றிய பல அபிப்பிராயங்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

இதைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது கலிஃபோர்னியாவில் ஒரு நண்பரின் போர்ஷே 914 காரணமாக. போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் கூட்டாக 1969 முதல் 1976 வரை தயாரித்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். நண்பருடையது 1974ஆம் வருஷத்து வண்டி. இறந்துபோன அண்ணன் விட்டுச் சென்றது. கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று ஒரு பட்டறையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவு அவருக்குத் தாங்காது. விற்கவும் மனமில்லை.

இந்த வண்டியில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. கியர் பாக்ஸ் எஞ்சினுக்கும் பின்னால். ஓட்டுகிறவரின் கை ஓரிடம், அவர் சேர்க்க விரும்பும் பற்கள் வெகுதூரத்தில் வேறிடம். லிவரின் அடியில் ஒரு பந்து, அதைப் பிடித்துக்கொள்ளும் கிண்ணம், நடுச் சுரங்கத்தில் ஓடும் ஒரு ராடு, தடுப்புச் சுவரில் அது நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் புஷ், கூம்புமுனை ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்கும் ஓர் இணைப்பு, எஞ்சினுக்கு அடியில் இன்னொரு ராடு. 1972 வரை வந்த வண்டிகளில் இது கியர் பாக்ஸின் வால்முனை வரை போயிற்று. 1973ஆம் வருஷ மாடலிலிருந்து பக்கவாட்டிலேயே முடித்துவிட்டார்கள். அப்படியும் நீண்ட வழிதான். ஒவ்வொரு மூட்டிலும் அற்பமான ஆட்டம் இருந்தால் போதும். எல்லாம் கூடி, லிவரின் நீளத்தால் பெருகி, கைக்கு வரும்போது பெரிய குழப்பமாக வந்து சேரும்.

இங்கே கேள்விகளைப் பிரித்துக்கொள்ளும் சிரத்தை தேவைப்படுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஒழுங்காக விழும் கியர்கள், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டினால், முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று பல்லைக் கடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இந்த வண்டியில் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள். அது ஓடும் குழாய் சுரங்கத்துக்குள் பற்றவைப்பு விட்டுப்போவது தெரிந்த வியாதி. ஓட்டத்தில் ஒரே ஒரு கியர், உதாரணமாக இரண்டாவது, கடித்துக்கொண்டு மற்றவை சமர்த்தாக இருந்தால் சந்தேகம் உள்ளே இருக்கும் சின்க்ரோ வளையத்தின் மேல் போக வேண்டும். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் லிவர் தானாக இழுபட்டால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் லிவர் கூழ் கிண்டும் அகப்பையைப் போல் சுழன்று, எந்தக் கியரும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், அப்போது மூட்டுகள்.

நண்பரின் வண்டியில் எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒரே திண்டாட்டம். எல்லாக் கியருக்கும் பொதுவான திண்டாட்டம். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். ராடைக் கியர் பாக்ஸிலிருந்து கழற்றிவிட்டு, அங்கேயே கையால் தள்ளிப் பார்த்தேன். அவர் சக்கரத்தை லேசாகச் சுற்றிக் கொடுக்க, ஒவ்வொரு கியரும் சுத்தமாக விழுந்தது. பிறகு ராடை மாட்டி, அவரை லிவரை அசைக்கச் சொல்லி, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அசைவு எங்கே தொலைகிறது என்பது மட்டும்தான் கேள்வி. தடுப்புச் சுவர் புஷ் வெப்பத்தில் காய்ந்து பொடியாகியிருந்தது. கூம்புமுனை ஸ்க்ரூ தளர்ந்து, ராடு ஒரு பக்கம் திரும்ப இணைப்பு அரை மனசோடு பின்தொடர்ந்தது. புஷ்ஷை மாற்றி ஸ்க்ரூவை இறுக்கியதோடு வேலை முடிந்தது.

அந்தப் பட்டறைக்காரர்கள் அயோக்கியர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆழத்தில் இருக்கும் கோளாறுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதைக் கண்டு சொல்கிறவருக்கும் அந்தக் கௌரவத்தில் பங்கு கிடைக்கிறது. நம் விமர்சனத்திலும் இது நடக்கிறது. ஒரு கவிதை தடுமாறினால் கவிஞனின் தரிசனமே பழுது என்கிறோம். ஒரு வேற்றுமை உருபு தளர்ந்திருக்கலாம், ஒரு வரி தவறான இடத்தில் முறிந்திருக்கலாம் என்று அடியில் படுத்துப் பார்ப்பதில்லை. அதில் சட்டை அழுக்காகும்.

ஆட்டமே கூடாது என்று வெண்கலப் புஷ் போடுகிறவர்கள் உண்டு. எஞ்சின் ரப்பரின் மேல் அசைந்துகொண்டிருக்கும் வஸ்து. அதன் நடுக்கமெல்லாம் அப்போது கைக்கு வந்துவிடும். நாங்கள் பிளாஸ்டிக்கே போட்டோம். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் மூட்டு மூட்டாக இருக்கும்.

இப்போது கியர்கள் விழுகின்றன. மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது மட்டும் ஒரு சின்னத் தயக்கம். இது சின்க்ரோ வளையத்தின் தேய்மானமாக இருக்கலாம்; அவசரமில்லாத தேய்மானம். முன்பு இது பொதுக் கலவரத்தில் மறைந்திருந்தது. நடுவழி சரியான பிறகுதான், கை உணர்வது பற்களிலிருந்து வருகிறது என்று நம்ப முடிகிறது. நண்பர் அந்த இடத்தில் அரை நொடி காத்திருந்து மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். அவருடைய அண்ணனும் அப்படித்தான் ஓட்டியிருப்பார் போலும்.