பத்தில் ஒரு பங்கு

2017-ல் குடிமராமத்து மறுபடி வந்தபோது எங்கள் கண்மாய்க்கும் பணம் ஒதுக்கினார்கள். ஆயக்கட்டுதாரர் பங்கு பத்து சதவீதம்; ரொக்கமாக, பொருளாக, இல்லையென்றால் உடலுழைப்பாகத் தரலாம். அப்பா மண்வெட்டியோடு போனார்.

கரையில் நின்ற சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியதும் தெரிந்தது, மடைச்சுவரில் விரல் நுழையும் விரிசல். "இத அடைக்காம எவ்வளவு தோண்டினாலும் தண்ணி நிக்காது" என்று அடம்பிடித்து, முதலில் மடைக்குத்தான் சிமெண்ட் இறக்க வைத்தார்.

வரத்துக்கால்வாயை மட்டும் யாரும் தொடவில்லை. மதிப்பீட்டில் அது இல்லையாம்! எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல் அதுதான். கண்மாயைத் தூர்வாரிவிட்டு, தண்ணீர் வரும் வழியை முள்ளுக்கு விட்டால் எப்படி?

அந்த ஐப்பசியில் பாதிதான் பெருகியது. பெருகிய பாதி, தை வரை ஒழுகாமல் கிடந்தது.